மிதக்கும் என்று எழுதியிருந்தது

நாலு துண்டு.
குழல், உடல், ரவைக்கூடு;
அந்த மூன்றையும் விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கிற
கறுப்பு பிளாஸ்டிக் பிடி.
மூடிவிட்டால் ஒரு முழம் வராது.
ஞாயிற்றுக்கிழமைப் பின்னல்பாண்
அதைவிட நீளம்.

காட்டில் விழுந்த விமானி
முயல் சுட்டுத் தின்று உயிர்பிழைக்கச் செய்ததாம்,
கடைக்காரன் வியூத்ரிச் சொன்னான்.
லங்னாவில் விமானம் விழுவதில்லை.
அரைமணிக்கொரு ரயில்,
ஏழு மணிவரை மிக்ரோஸ்.
"பிழைக்கிறதுக்கு உமக்கு இது என்னத்துக்கு?"
என்றார் கேதீசன்,
வெங்காயம் வெட்டியபடி, தலை நிமிராமல்.

பழைய கடவுச்சீட்டோடு போயிருந்தால்
விண்ணப்பத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.
சட்டத்தில் ஒரு பட்டியல்,
அதில் நாங்கள் பிறந்த நாடு.
சிவப்புச் சீட்டு வந்து பதினாலாம் மாதம் கேட்டேன்.
எதற்காக?
விளையாட்டு. வேட்டை. சேகரிப்பு.
விளையாட்டுக்குப் புள்ளடி போட்டேன்.
நாலாவது பெட்டி இருக்கவில்லை.

சனிக்கிழமை,
ஊர் சாப்பிட்டு முடியும்வரை சுடக்கூடாது.
ஒன்றரைக்குக் கதவு திறந்தது.
பையில் சோற்றுப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்து
ரப்பர் மூடியை இழுத்தேன்.
குழலைச் செருகி, வளையத்தைத் திருகி,
பிடிக்குள்ளிருக்கும் ஆணியை முறுக்க
நாற்பது விநாடி.
வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு
முப்பத்தொன்றில் செய்திருக்கிறேன்.
அதைக் கேதீசனுக்குச் சொல்லவில்லை.

ஐம்பது மீட்டர். காதுமூடி.
முதல் வெடி
கச்சான் கோது உடைகிற சத்தம்.
இவ்வளவுதானா,
இவ்வளவுதானா என்று
தோள் கேட்டது.
தோளுக்கு வேறு சத்தங்கள் ஞாபகம்.

நான் இடக்கைக்காரி.
வெற்றுக்கோது மூக்குக்கு முன்னால் பறக்கும்.
ஒன்று சட்டைக்குள் விழுந்து
தாலிக்கொடியில் ஒட்டிச் சுட்டது.
துள்ளினேன்; விரல் துள்ளவில்லை.
விரலை மெச்சிக்கொண்டேன்.
ஆறாவது வெடியில் வளையம் இளகியது,
ஊறுகாய்ப் போத்தலை மூடுகிறமாதிரி
இரண்டு விரலால் இறுக்கினேன்.

அடுத்த பாயில் றெகூலா சௌக்.
தோல் அங்கி, ஐந்து கிலோத் துவக்கு,
குண்டூசித் தலையில் ஓட்டை போடுகிறவள்.
தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"உன் நாலாவது என் அட்டையில் இருக்கு."
மன்னிப்புக் கேட்டேன்.
"வேண்டாம், பத்தில் விழுந்திருக்கு."

வீட்டுக்குக் கீழே
ஒரு முழத் தடிப்பில் கொங்கிறீட் கதவு.
இந்த நாட்டில் எல்லா வீட்டுக்கும் பங்கர் உண்டு.
உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகள், வைன்,
எங்களுடைய இரண்டு மூட்டை அரிசி.
அங்கே பூட்டிவைக்கத்தான் இறங்கினேன்.
படியில் நின்றேன்.
திரும்பி ஏறினேன்.

ஏனென்றால் பெட்டியின் பக்கத்தில்
ஒரு வரி எழுதியிருந்தது: மிதக்கும்.
குறிவைக்கும் தூரத்தை நம்பினேன்,
துருப்பிடிக்காது என்பதையும் நம்பினேன்.
இதை மட்டும் முடியவில்லை.
கழுத்தளவுக் களப்பில்
தலையில் சுமந்ததை ஒவ்வொன்றாய்
விட்டுக்கொண்டு வந்தவள் நான்.
எதுவும் மிதக்கவில்லை.

இரவு பத்தேகால்.
குளியல்தொட்டியைப் பாதிக்கு நிரப்பி
முழங்காலில் இருந்து
அதைத் தண்ணீரின் மேல் வைத்தேன்.
கையை எடுக்கவில்லை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அழைப்புமணி.
கீழ்வீட்டு ஏஷ்லிமான், செருப்பும் பிஜாமாவுமாக.
பத்துக்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் விடக்கூடாது,
வீட்டு விதி பதினொன்று.
"தெரியும். ஒரு சாமான்
மிதக்குமா என்று பார்த்தேன்."
அவர் யோசித்தார்.
"மிதக்குதா?"
"இன்னும் விடவில்லை" என்று சொல்ல வாயெடுத்து
இரண்டு கையையும் பார்த்தேன்.
ஈரம். வெறும் கை.

போய்ப் பார்த்தபோது
வைத்த இடத்தில் இல்லை.
குழாயடிக்கு நகர்ந்து,
முதுகில் ஒரு துளி நனையாமல்,
சொட்டுகிற தண்ணீருக்கு
மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது.