கால்டவிக், எண்பத்தொன்பதா எண்பத்தெட்டா

பதாகை நீலத் துணி. எண்ணை மட்டும்
ஆண்டுதோறும் பிரித்துத் தைக்கிறோம்.
இந்த ஜனவரியில் ஊசி என் கையில்.
எண்பத்தொன்பது என்கிறது காலண்டர்.
எண்பத்தெட்டு என்கிறார் பொருளாளர் ஓட்கெய்ர்,
கதவருகே காலணிப் பனியை உதறியபடி.
பழைய சண்டை. இருவருக்கும் மனப்பாடம்.

முதல் போட்டி 1931, ஹெர்ரிங் மீன்
உப்பில் ஊறும் கொட்டகையில்.
பதினான்கு பேர், ஏழு பலகை.
ஒரு ராணி குறைந்தது;
இருமல் மருந்துப் புட்டி ராணியானது.
வெட்டியவன் அதைக் குடித்தும்விட்டான்.

நாற்பத்தொன்றில் துறைமுகமெங்கும் பிரிட்டிஷ் பூட்ஸ்.
வில்ஃபிரட் ஸ்டாக் என்றொரு கார்ப்பரல்
யாரோடும் பேசாமல் எல்லாரையும் வென்றான்.
பரிசு ஒரு பீப்பாய் உப்பு மீன்.
முகாம் வாசலில் வைத்துவிட்டுக் கப்பலேறினான்.
கோடை முடியும்வரை நாறிக்கொண்டிருந்தது
அவன் வெற்றி.

சரி, ஐம்பத்திரண்டுக்கு வருகிறேன்.

பக்கத்து ஊர்க்காரர்களை ஏற்றி வந்த கப்பல்
புயலில் துறை சேர முடியாமல்
விரிகுடா வாயில் நங்கூரமிட்டது. மூன்று இரவு.
விளக்கு தெரிகிறது, ஆள் வர வழியில்லை.
வானொலியில் ஆடிவிடலாம் என்றார்கள்.
கரையில் ஹால்பெரா, தந்தி அலுவலகப் பெண்,
காதில் கருவி, மடியில் நோட்டு.
பெண்கள் ஆடலாம் என்று விதி திருந்தியது
அறுபத்தேழில். அதுவரை காப்பி ஊற்றலாம்,
காற்றிலிருந்து எழுத்துப் பொறுக்கலாம்.

கடைசி ஆட்டம். கப்பலில் ஸ்டெயின்தோர், கறுப்பு.
கரையில் உப்புக்காரன் எய்விந்தூர்.
பத்தொன்பதாம் நகர்த்தல்.
குதிரை, பே நான்கு என்றது கப்பல்.
குதிரை, தே நான்கு என்றாள் ஹால்பெரா.

அதன்பின் பதினொரு நகர்த்தல்கள்.
இரண்டு பலகையிலும் விதி மீறாத பதினொன்று.
கப்பலில் கறுப்பு மூழ்கிக்கொண்டிருந்தது.
கரையில் வெள்ளை.
எதிராளி எவ்வளவு அழகாக ஆடுகிறான் என்று
இருவரும் நகம் கடித்தார்கள்.

முப்பதாவதில் கப்பல் சொன்னது:
யானையை வெட்டுகிறேன்.
எய்விந்தூர் கட்டத்தைப் பார்த்தான். காலி.
எந்த யானையை, என்று கேட்கச் சொன்னான்.
நெடுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது.

ஒரே ஆட்டத்தில் இருவரும் தோற்ற ஆண்டு அது.
கோப்பையின் அடியில் அந்தப் பித்தளைத் தகடு
இன்றும் வெறுமை. வென்றவர் இல்லாதது
போட்டியா என்பது ஓட்கெய்ரின் கேள்வி.

அதற்குப் பிறகு ஹால்பெரா எதை வாசித்தாலும்
'படகின் பே', 'தினத்தின் தே' என்றுதான் வாசிப்பாளாம்,
காய்கறிக் கடைக் கணக்கைக்கூட.
அறுபத்தேழில் முதலாவதாகப் பெயர் கொடுத்தாள்,
கடைசிக்கு முந்தைய இடம் பிடித்தாள்.
மறு ஆண்டு ஹெர்ரிங் கூட்டம் வராமலே போனது.
பரிசு கம்பளிச் சட்டையாக மாறியது.

அவள் நோட்டு சென்ற இலையுதிர்காலம்
எங்களுக்கு வந்தது. பத்தொன்பதாம் வரியில்
தெளிவாக ஒரு பே.
அதன்மேல் ஒரே ஒரு கோடு.
பக்கத்தில், அழுத்தி, தே.

தவறாகக் கேட்டுத் திருத்தினாளா?
சரியாகக் கேட்டுத் திருத்தினாளா?
கணினியில் வைத்துப் பார்த்தேன்.
பே, நாலைந்து நகர்த்தலில் சாவு.
தே நான்கைக் கண்டுபிடிக்க
கணினிக்கே சற்று நேரம் பிடித்தது.

இதை ஓட்கெய்ரிடம் இன்னும் சொல்லவில்லை.
அவர் காப்பி ஊற்றிக்கொள்கிறார், எனக்கும்.
எண்பத்தொன்பது என்று தைத்து முடித்தேன்.
கடைசி எண்ணின் பின்புறம்
நூலை முடிச்சிடவில்லை.