மதகு நாலு

வட்டவிதானை உதுமாலெவ்வை
குறுஞ்செய்தி போட்டிருக்கிறார்:
வியாழன் தண்ணி மூடணும்.
வெள்ளாமை பழுத்துவிட்டது, மெசின் இறங்க வட்டை காயவேண்டும்.
நியாயம்தான்.
இறக்காமத்து நாலாம் மதகின் திறப்பும்
அட்டை கழன்ற கொப்பியும் என்னிடம்.

தை மாதம், விடாமல் மழை பெய்த ஓர் இரவு
மதகுக்கு மேலே சாய்ந்த மருதங்கொப்பில்
வெள்ளையாய் ஏதோ தொங்கியது.
யாரோ உடுப்புக் கழுவிய சவர்க்கார நுரை என்று
டோர்ச் அடித்தேன்.
மரத்தவளை.
பின்காலிரண்டாலும் அடிக்கிறாள், அடிக்கிறாள்,
கேக்குக்கு முட்டை அடிக்கிற மாதிரி.
முதுகில் அவளில் பாதி உடம்போடு ஆண்,
பஸ்ஸில் நித்திரையானவனைப்போல.
(அவனும் வேலைதான் செய்தான். எனக்குத்தான் தெரியவில்லை.)

விடிய நுரையின் மேற்தோல் காய்ந்து பப்படம்.
உள்ளே ஈரம்,
ஈரத்துக்குள் நிறமில்லாத முட்டைகள்.
நாலாம் நாள் தூறலுக்கு அடிப்பக்கம் இளகி
ஒவ்வொரு சொட்டிலும் ஒரு வால்
மதகடிக் குழிக்குள் விழுந்தது.

விரால் தின்றது. கொக்கு தின்றது.
மிஞ்சியவை கல்லில் படிந்த பாசியைச் சுரண்டின.

இன்றைக்கு முப்பத்தொன்பது நாள்.
பின்கால் எல்லாவற்றுக்கும் உண்டு.
ஒன்றுக்கு மட்டும் இடக்கை வந்திருக்கிறது,
மூச்சுத் தண்ணீர் வெளியேறும் துளையைக் கிழித்துக்கொண்டு.
வலக்கை தோலுக்குள்ளே
முழங்கையை முட்டிக்கொண்டு நிற்கிறது.
இனி அது சாப்பிடாது.
பாசி சுரண்டிய வாய் கழன்று
பூச்சி பிடிக்கிற வாய் ஆகவேண்டும்,
சுருள் குடல் குறுகவேண்டும்.
அதுவரைக்கும் சோறு அதன் வால்தான்,
உள்ளேயிருந்து, கொஞ்சம் கொஞ்சமாய்.

மற்றவை இன்னும் வாலை ஆட்டிக்கொண்டு.
குழி வற்ற மூன்று நாள் போதும்.

வியாழன் காலை சக்கரத்தைத் திருகினேன்.
கதவு இறங்கியது.
கடைசி ஒரு விரலுக்கு இறங்கவில்லை.
கீழே ஒரு கல்.
கல்லை வைத்தது யாரென்று எழுத
கொப்பியில் கட்டம் இல்லை.

பின்னேரம் போன் வந்தது.
"என்னகா, ஒழுகுதாமே?"
"ஓம் காக்கா. வட்டைக்கு ஏறாது, குழியோட நிக்கும்.
வாஷர் தேஞ்சிட்டு."
எழுதியும் வைத்தேன்: மதகு நாலு. ஒழுக்கு. வாஷர் தேவை.

திணைக்களத்திலிருந்து வாஷர் வருவதற்குள்
வால் கரைந்துவிடும்.
போன தடவை கேட்ட வாஷருக்குள்
என் மகளுக்குப் பல் முளைத்து
விழுந்தும் விட்டது.