இன்னொரு தரம்

பாங்ஷால் வீதிக் கடையில்
மாடிப்படி தொடங்கும் சுவரில் ஒரு பெட்டி.
விரலை வைத்தால் பச்சை எரியும்,
நன்றி என்பாள் உள்ளே இருக்கும் பெண்.
ஜூலையிலிருந்து எனக்குச் சிவப்பு.
"இன்னொரு தரம் வையுங்கள்" என்கிறாள்
தன் ஆங்கிலத்தில், அலுப்பே இல்லாமல்.
வலப் பெருவிரல். இடப் பெருவிரல். சுட்டுவிரல்.
லொறிக்குச் சாமான் ஏத்தும் பொடியன்கள்
பின்னால் நிற்கிறார்கள், கூரையைப் பார்த்தபடி.

குளிசை செய்கிற வேலை.
காலையில் நாலு, இரவில் நாலு, பதினாலு நாள்.
பிறகு ஏழு நாள் விடுமுறை, அதற்கும் எனக்கும்.
உள்ளங்கை சிவந்தது, உரிந்தது.
புதுத்தோல் மினுங்கிக்கொண்டு வந்தது
ரேகையைக் கொண்டுவர மறந்து.
மகரகம டொக்டர் என் கையை வெளிச்சத்தில் பிடித்து
"இனி நீங்கள் பாங்க் உடைக்கலாம்" என்றார்.
சிரித்தோம்.
பிறகு ஸ்கானைத் திருப்பிக் காட்டினார்.
ஈரலில் மூன்று.
முதுகெலும்பில் ஒன்று, போனமுறை இல்லாதது.
குணமாக்க இல்லை, இழுத்துப் பிடிக்க, என்று
மூன்று மொழியிலும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொன்னார்.
எவ்வளவு காலம் என்று கேட்க வாய் திறந்தேன்.
அடுத்த திகதி எப்ப என்று வந்தது.
அட்டையில் எழுதித் தந்தார்.

தலைமயிர் கொட்டவில்லை.
அதனால் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கும்வரை
ஒருவரும் எழும்பி இடம் தருவதில்லை.
கம்பியைப் பிடித்தால் எரியும்; முழங்கையை மாட்டிக்கொள்கிறேன்.
கடல் ஒரு பக்கம் ஓடுகிறது.
ஜன்னலில் உப்புப் படிந்து எல்லாம் பால்போல.
விரலால் ஒரு பொட்டளவு துடைத்துப் பார்ப்பேன்.
ஒரு கப்பல். சிலநாள் அதுவும் இல்லை.

மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில்
கட்டுஅனோதா இலை கொண்டுவருவா, ஈரத்தாளில் சுற்றி.
"நீ போராட வேணுமடி" என்பா.
அந்தச் சொல்லோடு வளர்ந்தவள் நான்.
அது போன வீடுகளையும் தெரியும்.
என் குசினிக்குள் அதை எடுக்க விருப்பமில்லை.
நான் செய்வது இவ்வளவுதான்:
பாண் வாங்குகிறேன். வயிற்றோட்டத்துக்கு ஒன்று போடுகிறேன்.
லைட் பில் கட்டுகிறேன்.
வாயெல்லாம் செப்புக்காசு ருசி,
ஆனாலும் மாங்காய்த் துண்டுக்கு உப்புத்தூள் கேட்டு நிற்கிறேன்
ஸ்டேஷன் வாசலில்.

இரவில் ஞானரூபன் களிம்பு பூசுகிறார்
விரல் விரலாக, பிறகு பாதம்.
கிரிக்கெட் ஓடும், சத்தத்தைக் குறைத்து.
ஸ்கானைப் பற்றி இன்னும் கதைக்கவில்லை.
ஒரு விக்கெட் விழுந்தால் மட்டும் கை நிற்கும்.
அவர் விரல்களில் ரேகை இருக்கிறது.
சொரசொரப்பாக.

பலீல் ஹாஜியார்தான் கொப்பி வாங்கித் தந்தவர்.
"மெஷின விடுங்க மிஸ், இதுல சைன் வைங்க."
இருநூறு பக்கம். மாதத்துக்கு ஒரு பக்கம்.
வாங்கும்போது அவர் கணக்குப் பார்த்திருக்கமாட்டார்.
நான் கணக்கெழுதுகிறவள், பார்த்தேன்.
பதினாறு வருடமும் எட்டு மாதமும்.
முதல் பக்கத்தில் கோடு போடும்போது
அடிமட்டம் கொஞ்சம் வழுக்கியது.

இன்று காலை பழக்கதோஷத்தில்
இடக்கை மோதிரவிரலை வைத்தேன்.
பச்சை.
நன்றி என்றாள்.
திரையைக் குனிந்து பார்த்தால் ரிஸ்வான், ஸ்டோர்ஸ்.
அவனுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்,
தெமட்டகொடையில் போர்த்துக்கொண்டு கிடக்கிறான்.
சம்பளத்தில் வெட்டவேண்டியது நான்தான்.

படியில் நின்று
இருமல் வரும்வரை சிரித்தேன்.
திருத்தவில்லை.
மேலே போய்க் கொப்பியை விரித்து
ஒன்பதாம் பக்கம், பதினோராம் வரியில்
என் பெயரையும் எழுதினேன்.