வளி

தம்மாமில் கம்பெனியைப் பூட்டிய அன்று
கையில் டெஸ்டர் இருந்தது.
ஐந்து மாதச் சம்பளம் இல்லை.
கேம்பில் கரண்டைத் துண்டித்தார்கள்.
நாற்பது எலக்ட்ரீஷியன்கள்
இருட்டில் படுத்திருந்தோம்.

பொன்மனைக்கு வந்தேன்.
மாடிக்கென்று நீட்டி விட்டிருந்த கம்பிகள்
வீட்டுத் தலையில் துருவேறி நின்றன.
றெஜிலாவின் கழுத்தில் கவரிங்.
பிள்ளை என்னை ஒருமுறை "அங்கிள்" என்றது,
பிறகு தானே திருத்திக்கொண்டது.

"வெட்டத் தெரியுமாடே?" என்றார் கில்பர்ட் சார்.
தெரியாது. ஒரு மாதம் மரங்களைக் கெடுத்துப் படித்தேன்.
முந்நூறு மூடு.
மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டினால்
பார்க்கிற இடத்துக்கு மட்டும் வெளிச்சம் வரும்.
அடுத்த மரம் அங்கே இருக்கிறதென்று
நம்பித்தான் காலெடுத்து வைக்கவேண்டும்.

ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கர்.
சைக்கிள்கடை ஸ்டான்லியின் மனைவி றோஸ்லெட்
சங்கீதம் வாசிப்பாள்.
அவளுக்கு ழகரம் வராது.
வழி வருகிற இடத்திலெல்லாம் வளி என்பாள்.
எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தமென்று
நான் சொல்லவேண்டாம்,
பாலெடுக்கும் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காறித் துப்பினேன்.
வழி காட்டுகிறேன் என்றுதான்
ஏஜென்ட் ஒன்றரை லட்சம் வாங்கினான்.
ஜெபம் பண்ணித்தான் அவனும் பாஸ்போர்ட்டைக் கையில் தந்தான்.

இடவப்பாதி பிடிப்பதற்கு முந்தின வாரம்,
வசனத்தின் பாதியில் ஸ்பீக்கர் கிர்ரென்று செத்தது.
தவளைகள்.
சிரட்டையில் சொட்டுகிற பால்.
நூற்றுநாற்பதாவது மூட்டில், கத்தி பட்டைக்குள்ளிருக்க,
அறுந்த வசனத்தை
என் வாய் முடித்து வைத்தது.
எட்டு வயதில், ஞாயிறு பள்ளியில்,
ரப்பர் வைத்த ஒரு பென்சிலுக்காகப் படித்தது.
அதிலும் கோளாறு:
வளி என்றே சொன்னேன், அவளைப் போல.

சொன்ன வாயை மூடவில்லை.
கோதையாற்றுப் பக்கமிருந்து கிளம்பி
ஒவ்வொரு மரத்தின் இலையையும் தொட்டுத் தொட்டு
அது வந்துகொண்டிருந்தது.
அகராதி தெரிந்தவர்கள் அதற்குக் காற்று என்பார்கள்.
என் முகத்தில் பட்டபோது
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.
"கரண்டு போச்சு அண்ணே" என்றாள், மெழுகுவர்த்தியோடு.
"கரண்டெல்லாம் இருக்கு. ஃபியூஸ் போயிருக்கு."
பழைய ஒயரைப் பல்லால் உரித்து
ஓர் இழை எடுத்தேன்.
பதினான்கு மாதம் கழித்துச் செம்பைத் தொட்ட விரலில்
காய்ந்த ரப்பர்பால்
இன்னொரு தோலாக உரிந்து வந்தது.
ஸ்பீக்கர் இருமியது.
அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.
நான் வெளியே, செருப்புகளோடு நின்று கேட்டேன்.

கடன் அப்படியேதான் இருக்கிறது.
சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றேன்.
என்ன சொல்ல, ஃபியூஸ் போட்டேன் என்றா?
ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில்
ஆசிட் நாறும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்காருகிறேன்.
பெண்கள் பக்கம் றெஜிலா திரும்பிப் பார்ப்பதில்லை.
நான் வந்துவிட்டது மட்டும் அவள் முதுகுக்குத் தெரியும்.

ஒருபுறப் பட்டை தீர்ந்துபோனால்
அந்தப் புறத்தை ஆற விட்டு
மரத்தின் மறுபுறம் போகவேண்டும்.
நேற்று கில்பர்ட் சார் கோடு போடச் சொன்னார்.
இடது மேலே, வலது கீழே,
ஆழம் போனால் மரம் நோகும்,
மேலோடு போனால் பால் வராது.
விளக்கு வெளிச்சத்தில்
ஒரு சாண் பட்டை தெரிகிறது.
இன்றைக்கு
இவ்வளவு வளி போதும்.