பார்வதிபுரத்தில் யாரும் இறங்கவில்லை

கிளப்பில் ஞாபகத்துக்கு ஒரு சொல் தந்தார்கள்.
ஆறு எழுத்து ஆங்கிலம், சுருட்டு என்று பொருள்.
எழுத்துக்கு ஒரு வேலை.
எனக்கு அதில் புகைதான் மிஞ்சியது.

சனிக்கிழமைதோறும் நாலரை மணி பஸ்ஸில்
வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் போகிறவள் நான்.
டிக்கெட் கிழிக்கும் சத்தத்தில் பாதித் தூக்கம் போகும்.
அப்படி ஒருநாள்
விமானத்தைக் கழற்றி
ஸ்டாப்புக்கு ஒரு துண்டாக இறக்கிவிட்டேன்.

வடசேரியில் காகிதங்கள், சாவி.
பார்வதிபுரத்தில் இறக்கைக்கு அடியில் குனிந்து
கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்க வேண்டும்,
அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க.
சுங்கான்கடைப் பானையில் எண்ணெய், குச்சி விட்டு அளக்க.
வில்லுக்குறியில் வில்லாய்த் தாழ்கிற இறக்கை மடிப்புகள்.
தக்கலைக்குள் ஒரு தலை இருக்கிறது:
காற்றை அளக்கும் குழாயின் தலையிலிருந்து
சிவப்பு உறையை உருவு.
அழகியமண்டபத்துக்குக் கதவு.
சுவாமியார்மடம், பெல்ட்.
அங்கே ஒருமுறை பிரேக் போட்டதில்
முன்சீட்டுக் கம்பியில் என் பல் பட்டிருக்கிறது.
மார்த்தாண்டம் தேன்: கலவை கெட்டியாக.
குழித்துறை ஆற்றுக்கு இரண்டு கரை,
இடது மேக்னெட்டோ, வலது மேக்னெட்டோ.
களியக்காவிளை செக்போஸ்டில்
ரேடியோவை எடுத்து அனுமதி கேட்டால்
ஓடுபாதை.

தம்பி அஜின் சோதித்தான்.
தலைகீழாய்க் கேட்டான். இரவு பன்னிரண்டுக்கு எழுப்பிக் கேட்டான்.
"பிள்ளே, நீ கண்டக்டருக்குப் போயிருக்கலாம்."
உறை போட்ட பட்டியல் அட்டை
அன்றிலிருந்து பையின் அடியில்,
வாழைக்காய் சிப்ஸ் பொட்டலத்துக்கும் கீழே.

ஐப்பசியில் இரவெல்லாம் மழை பெய்த ஒரு சனிக்கிழமை.
கிடைத்தது எண்ட் டு எண்ட்.
ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள்.
பஸ் மேம்பாலத்தில் ஏறியதை வயிறு அறிந்தது,
நான் அறியவில்லை.

அன்று தனியாகப் பறக்கும் நாள்.
தலையுறை, கதவு, பெல்ட், எல்லாம் ஓடி வந்தன.
மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் உண்டு,
ஆனால் தேன் எப்படியோ மேலே ஏறி வந்துவிட்டது.
ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சள் கோடு.
களியக்காவிளை.
கட்டைவிரல் பொத்தானில்.

ஒரு விசில் கேட்டது. உள்ளேதான்.
"பார்வதிபுரம் எறங்க ஆளு உண்டா?"
யாரும் இறங்கின ஞாபகம் இல்லை.

என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

திரும்பி வருகிறேன் என்று டவருக்குச் சொன்னேன்.
காரணம் கேட்டார்கள்.
ஒரு ஸ்டாப் விட்டுப்போச்சு என்றா சொல்வது?

குப்பியைத் தூக்கிப் பிடித்தேன்.
மேலே இளநீலம்.
கீழே நிறமே இல்லாமல்
ஒரு விரற்கடை.

மறுபடி பிடித்தேன். மறுபடி.
நான்காவதில்தான் முழுக்க நீலம்.
அதற்குள் மழை திரும்ப வந்து
லாக்புக்கில் அந்தத் தேதிக்கு நேரே பூஜ்யம்.
குரியன் சார் குப்பியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்,
டீ வாங்கித் தரவில்லை.

இப்போது அட்டையைத் தொடையில் கட்டியிருக்கிறேன்.
ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, வாய்விட்டு,
எழுத்துக்கூட்டும் ஒன்றாம் வகுப்பு மாதிரி.
ஸ்டாப்புகள் தாமாக வந்து ஏறுகின்றன.
ஏறட்டும். டிக்கெட் எடுக்க வேண்டியது அட்டையில்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது
கண்டக்டர் கேட்டார், "பாலத்துக்கு மேலயா, கீழயா?"
"கீழ."
வீட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது.
பாலத்தின் அடியில் ஒரு டீக்கடை.
முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்.
டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கி
அடியைப் பார்த்தேன்.

"என்ன மக்கா, பூச்சி கெடக்கா?"

இல்ல அண்ணாச்சி,
தண்ணிதான்.