முதுகுகள்

ஞாயிறு ஐந்தரை, கொட்டகலைச் சந்தி.
முகம் பார்க்க வெளிச்சம் போதாது.
இவர்களை எனக்கு முதுகுகளாய்த்தான் தெரியும்:
இடப்பக்கம் சாயும் நிசார்தீன்,
சேற்றுக்கோடு ஏறிய லசந்த,
ஏற்றத்தில் தோள்பட்டை எலும்பு துருத்தும் ஜெயசீலி.

குழி வந்தால்
முன்னால் ஒரு விரல் கீழே காட்டும்.
அடுத்த விரல், அதற்கடுத்தது.
நான் காட்டியதில்லை.
எனக்குப் பின்னால் யார்?

இன்று ரதல்ல ஏற்றத்தில்
நிசார்தீனின் செயின் கழன்றது.
எல்லாரும் ஒதுங்கினார்கள்.
நின்றால் மறுபடி ஏறமாட்டேன் என்ற பயத்தில்
மிதித்துக்கொண்டே போனேன்.

முதுகே இல்லை.
பனிமூட்டம். கொழுந்து வாசம். ஒரு நாய்.
இவ்வளவு அகலமா இந்த ரோடு?

வளைவில் பெரிய குழி.
பழக்கமில்லாத கை
தானாகக் கீழே இறங்கியது.

பனிக்குள்ளிருந்து ஜெயசீலி:
"கண்டுட்டேன். மிதி."