படகோட்டி – 2

காலையிலிருந்து ஏழு முறை
தலைவரைச் சுட்டுவிட்டார்கள் காரங்காட்டில்.
ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து
நெஞ்சில் சிவப்போடு
இஞ்சி டீ கேட்கிறார்.
வேட்டிகளைக் கழியில் அலசுகிறான் ஒரு பையன்.
உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது தம்பி,
அடிபம்புக்குப் போ என்றேன்.
அவன் போகவில்லை. கழி கொஞ்சம் சிவந்தது.
அயிரைக் குஞ்சுகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

மாதா கோயில் மைதானத்தில் மேடை.
மேடையில் ஏதோ பெரிய ஊரின் பேர்.
ஊர்ச் சனம் முந்நூறு பேருக்கும்
தோரணத்தோடு சாப்பாட்டுப் பொட்டலம்.
சுடும்போது ஓடணும், அழணும்.
எங்கள் தெரு ரோணிக்கம் மட்டும்
ஏழு தடவையும் நிஜமாகவே அழுதாள்.
அவளுக்கு வேறு காரணம் இருந்தது.

என் காட்சி மத்தியானத்துக்கு மேல்.
தாளில் என் பேர் இல்லை.
படகோட்டி – 2.
படகோட்டி – 1 சென்னைக்காரர்,
ஒட்டுமீசை.
கொலைகாரனை ஏற்றிக்கொண்டு
சுரபுன்னைக்குள் புகுந்து இருட்டில் கடல் தாண்டுபவர்.
வத்தையில் கால் வைத்ததும் வாந்தி எடுத்தார்.
வத்தை எங்களுடையது, வாடகைக்கு.
நீலத்தின் மேல் பச்சை அடித்திருந்தார்கள்,
அந்த வருஷத்துப் படகு பச்சை என்று
யாரோ சொன்னார்களாம்.
சரிதான். பச்சைதான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு.
கொண்டல் காற்று.
இரண்டு பேர் வந்து டீசலும் எண்பது ரூபாயும் கொடுத்து
நடுக்கடலில் இறக்கிவிடச் சொன்னார்கள்.
நண்டுக்குப் போகிற வழிதானே என்று
அப்பா ஏற்றிக்கொண்டார்.
ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது.
பேர் என்ன?
மிக்கேல் அடைக்கலம்.
ஜீப்புக்குள் சிரித்தார்கள்.
பேரே அடைக்கலம், குடுக்காமலா இருந்திருப்ப?

எனக்கு ஒரே வசனம்.
"தெரியாதுங்க."
சொன்னேன்.
கட்.
டைரக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
நல்ல மனுஷன், தோளில் கை போட்டார்.
"அண்ணே, நீங்க சொன்னா நம்புற மாதிரி இருக்கு.
நம்பக் கூடாது.
ஆடியன்ஸுக்குச் சந்தேகம் வரணும்."
மறுபடி சொன்னேன்.
மறுபடியும் நம்புற மாதிரியே இருந்ததாம்.
"எதையோ மறைக்கிறீங்கன்னு நினைச்சுக்கோங்க."
எதை என்று கேட்டேன்.
"அது தேவையில்லண்ணே. கண்ணைக் கீழ போடுங்க, போதும்."

அதிகாரி வேஷக்காரர் கையை ஓங்கினார்.
கன்னத்துக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றது கை.
சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்களாம்.
அப்பாவின் வலது காதில்
பிறகு எந்தச் சத்தமும் சேரவில்லை.

ஆறாவது டேக்கில் கண்ணைக் கீழே போட்டேன்.
மணலில் ஒரு சிப்பி, வாய் பிளந்து.
"தெரியாதுங்க."
ஓகே என்று கத்தினார்கள்.
கை தட்டினார்கள் கூட.
ரோணிக்கமும் தட்டினாள்.

கவரில் ஆயிரத்து இருநூறு.
வீட்டில் அப்பாவின் இடது பக்கமாய்ப் போய் உட்கார்ந்தேன்.
என்ன கேட்டாங்க?
தெரியுமான்னு.
என்ன சொன்ன?
தெரியாதுன்னு.
நம்புனாங்களா?
மொதல்ல நம்புனாங்க என்றேன்.
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.
கவரை வாங்கி
வெளிச்சத்தில் ஒவ்வொரு நோட்டாய்ப் பார்த்தார்.

அலையாத்திக்கு மேலே
ஜெனரேட்டர் வெளிச்சத்தில்
கொக்குகள் பகலென்று நினைத்து எழும்பின.
"கூட்டத்துக்கு ஆள் எடுக்குறாங்களாமே, எவ்வளவு?"
நானூறு, சாப்பாடு.
"நாளைக்கும் சுடுவாங்களா?"
இன்னைக்கு வெயில் சரியில்லையாம்.
சுடுவாங்க.
அப்பா எழுந்து
கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை
எடுத்து உதறிப் பார்த்தார்.